ஃப்ளாஷுக்குக் கருமாதி

பவானி கூடுதுறையில் திதி கொடுப்பவர்களுக்கு நாள் கணக்கு அத்துப்படி. அடோபிக்கும்தான் போலிருக்கிறது. பிரவுசரில் கேம்களை ஓட்டிவந்த தன் ஃப்ளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31-ல் கைகழுவியது. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, 2021 ஜனவரி 12-ல், அது ஓடவே கூடாதென்று தடுத்து காரியத்தையும் முடித்தது. பொழுதுபோக்காகப் பலர் வீட்டிலிருந்தே ஃப்ளாஷில் செய்த கேம்களும் உடன்கட்டை ஏறின.

தென்னாப்பிரிக்க வரித்துறை மட்டும் அசரவில்லை. ஃப்ளாஷிலேயே மிச்சமிருந்த படிவங்களுக்காக அது ஓடும் தனி பிரவுசரையே வெளியிட்டது!

கேம் பிரியர்களுக்கு ‘ரஃபிள்’ கைகொடுத்தது. ஆர்வலர்கள் ரஸ்ட் மொழியில் எழுதிய இந்த எமுலேட்டர், வெப்அசெம்பிளி வழியாகப் பழைய கோப்புகளை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவும் 2020 நவம்பரிலேயே இதைக் கொண்டு ஃப்ளாஷ் கேம்களைச் சேர்க்கத் தொடங்கியது.

ஆவி வந்தாயிற்று, வாய் திறக்கத்தான் குரோம் பிரவுசரின் உத்தரவு வேண்டும். பக்கத்தை ஒரு தட்டு தட்டாமல் பெரும்பாலும் கேமில் சத்தம் வராது.