நாளுக்கு ஐம்பது

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் ஒரு கேமை விற்பனைக்கு வைக்கக் கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்த நூறு திரும்பி வரும். பலருக்கு வாழ்நாள் லட்சியமே அந்த நூறை மறுபடி கண்ணால் பார்ப்பதுதான். 2024-இல் மட்டும் அங்கே வந்திறங்கியவை 18,000-க்கும் மேல். நாளுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது.

தனியாளாக கேம் செய்பவரிடம் இதைச் சொன்னால், உடனே எரிக் பரோனைக் காட்டுவார். ஓவியம், இசை, நிரல் எல்லாவற்றையும் நாலு வருடத்துக்கு மேல் ஒற்றை ஆளாகச் செய்து, 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டுக் கோடீஸ்வரர் ஆனவர். வாஸ்தவம். அதே நாலு வருடம் உட்கார்ந்து கடனாளி ஆனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை (நானும்தான்).

விற்கும் பணத்தில் கடைக்குப் பங்கு 30 சதவீதம். ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் 25தான். தள்ளுபடி யாருக்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியாதா! இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியவர் 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் அழகான கேமைச் செய்தவருக்கு, 'பிரமாதம்' என்ற பாராட்டும் ரீஃபண்டும் ஒரே மாலையில் வந்து சேரும்.

2025 செப்டம்பர் 4-இல் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற கேம் வருகிறது என்றதும், பல சின்ன கேம்கள் பெரிய ஹீரோ படத்துக்கு வழிவிடுவதுபோல் தேதியைத் தள்ளிவைத்தன. இதில் வேடிக்கை, சில்க்சாங்கும் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சுயேச்சையாகச் செய்த இண்டி கேம்தான். தள்ளிப்போட்ட தேதியில் கூட்டம் இல்லையா? அன்றைக்கும் ஐம்பது.