வேலி ஏன் மேய்வதில்லை?

கேள்வி: உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்குகிறதாமே, வேலியே பயிரை மேய்கிறதா?

பதில்: மேய்வது வியப்பன்று, பெரும்பாலோரிடம் மேயாமலிருப்பதே வியப்பு. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களின் ஏற்பிகள், அதாவது அயல் மூலக்கூறுகளைப் பற்றி உணரும் புரதங்கள், மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டு உருவாக்கப்படுவதால், இனிமேல்தான் தோன்றப்போகும் கிருமியை அறியவல்ல செல்லும் சொந்தக் கணையத்தையே பகையெனக் கொள்ளும் செல்லும் ஒரே குலுக்கலில் பிறந்துவிடுகின்றன.

கேள்வி: அத்தகைய துரோகிகளுக்கு என்ன தண்டனை?

பதில்: பெரும்பாலும் மரணம், மேல்முறையீடு கிடையாது. மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில், 'ஏயர்' என்னும் மரபணுவின் தூண்டுதலால், கணையத்துக்கே உரிய இன்சுலின் உட்படப் பிற உறுப்புகளின் புரதங்களும் சிறிதளவு உற்பத்தியாகின்றன. அவற்றை இறுகப் பற்றும் இளம் டி செல்கள் அங்கேயே மடிகின்றன. இந்த மரபணு பழுதானால், பாராதைராய்டு, அட்ரீனல் முதலிய சுரப்பிகள் தாக்கப்படும் அரிய நோய் பிறக்கிறது.

கேள்வி: தப்பியவர் எவருமில்லையா?

பதில்: எந்தச் சோதனைச்சாவடியில்தான் எல்லாரும் பிடிபட்டிருக்கிறார்கள்? நோயற்றவர் குருதியிலும் தப்பிய செல்கள் உலவுகின்றன. அவற்றை அடக்கிவைப்பவை ஒழுங்காற்று டி செல்கள். ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய டி செல்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது பல உறுப்புகள் தாக்குண்டன என்பதையும், நீக்கியவற்றை உடனே திருப்பிச் செலுத்தினால் அந்தத் தாக்குதல் தடுக்கப்படுகிறது என்பதையும் 1995இல் காட்டினார். அடக்கும் செல்கள் உண்டு என்ற கருத்தே அக்காலத்தில் மதிப்பிழந்து கிடந்ததால், இந்த ஆய்வுக்கு அறிவு மட்டுமன்றிப் பிடிவாதமும் தேவைப்பட்டிருக்கும். தோல் செதிலுதிர்ந்து இளமையிலேயே மடியும் ஒருவகை ஆண் எலிகளில் பழுதாகியிருந்தது 'ஃபாக்ஸ்பி3' மரபணு என மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டறிந்தனர். ஒழுங்காற்று டி செல்கள் உருவாக இன்றியமையாதது இம்மரபணுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. மனிதரில் இது பழுதானால் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவும் கடும் வயிற்றுப்போக்கும் தோலழற்சியும் சேர்ந்து வரக்கூடும். இந்த அறிஞர் மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: இத்தகைய தாக்குதலால் வரும் முடக்குவாதத்துக்கு 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' சூரணம் உதவுமா?

பதில்: மூட்டின் உள்ளுறையைத் தாக்கிக்கொண்டிருக்கும் படைக்கு மேலும் சோறு போடுவதை விளம்பரங்கள் மட்டுமே சிகிச்சை என்கின்றன. மருத்துவர் தருவது அப்படையைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தாகும். அதுவும் இந்நோய்க்கு வாரம் ஒருமுறைதான், தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகலாம்.