மிக்கி ஊரில் மத்தியானச் சாப்பாடு

என் மருமகனிடம் ஓர் எக்செல் ஷீட் இருந்தது. எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த ராட்டினத்தில் எத்தனை மணிக்கு ஏறுவது, யார் எப்போது பாத்ரூம் போவது என்பதுவரை கலர் கலராகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது என்ன மாப்ள, காலியா இருக்கே?"

"அதை மட்டும் ஃப்ரீயா விட்டிருக்கேன் மாமா. பசிக்கறப்ப எதையாவது சிம்பிளா பாத்துக்கலாம்."

இத்தனை வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டியவர். திட்டம் போடாத வேலையைத்தான் எல்லாரும் 'சிம்பிள்' என்பார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

டிஸ்னி வேர்ல்டு என்றால் தீவுத்திடல் பொருட்காட்சி என்று நினைத்துக்கொண்டு யாரும் போய்விடாதீர்கள். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் சுமார் 25,000 ஏக்கர். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு பூங்கா, இரண்டு ஹோட்டல் என்று ஆரம்பித்தது. இன்றைக்கு நான்கு தீம் பார்க், இரண்டு தண்ணீர்ப் பூங்கா, இருபதுக்கு மேல் ஹோட்டல். நாற்காலியில் உட்கார வைத்துப் பரிமாறுகிற இடமாக இருந்தால் 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். நம் ரயில்வேயும் 2024 நவம்பரிலிருந்து 120 நாளை 60 நாளாகக் குறைத்துவிட்டதால் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் பெர்த்துக்குத்தான் ரிசர்வ் செய்வோம். இங்கே விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து, இரண்டு மாதம் கழித்து வரப்போகிற பசிக்கு ரிசர்வ் செய்கிறார்கள். தத்காலும் கிடையாது, எமர்ஜென்சி கோட்டாவும் கிடையாது.

அதுவரைக்கும் எங்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை எழாததற்குக் காரணம் என் மனைவி. அந்தப் பூங்காக்களுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டிலும் மதுவும் கூடாது. நம் ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் முறுக்குப் பாக்கெட்டைக் கடத்தல் தங்கம் மாதிரி பிடித்துவைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத சுதந்திரம். பையைத் திறந்து பார்த்த காவலர் எலுமிச்சை சாதத்தை ஒரு பார்வை பார்த்து, சிரித்து, உள்ளே விட்டார். மறுநாள் தயிர் சாதம்.

புதன்கிழமை காலையில் ரைஸ் குக்கர் சத்தமே இல்லை.

"இன்னிக்குப் பொட்டலம் கிடையாது. எல்லாரும் லீவுக்கு வந்திருக்கீங்க இல்ல? நானும்தான் வந்திருக்கேன்" என்றாள். கூடவே நிபந்தனைகள்: முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும், தட்டை நம்மில் யாரும் தூக்கக் கூடாது, ஓட்டல் ஆள்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும், முடிந்தால் காரமாக இருக்க வேண்டும். நாற்பது வருஷமாக எனக்குப் பரிமாறியவள் கேட்பதில் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தபடி மாப்பிள்ளை எச்சில் விழுங்கினார்.

வழி சொன்னது மகள்தான். மத்தியானப் பசிக்குப் பூங்காவுக்குள் நிற்காமல் ஹோட்டல்களுக்குப் போய்விட வேண்டும் என்பது அங்கே அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம். அங்கே தங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை, யாரும் போய்ச் சாப்பிடலாம். மேஜிக் கிங்டம் பூங்கா வாசலில் மோனோரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஒரு ஹோட்டல்.

கன்டெம்ப்ரரி என்று பெயர். முதல் நாளிலேயே திறந்த இரண்டு ஹோட்டல்களில் ஒன்று. ஆங்கில 'ஏ' எழுத்து வடிவத்தில் நிற்கும் கட்டடத்தின் வயிற்றுக்குள் ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. அதைப் பார்த்த பேரனுக்குப் பசியே போய்விட்டது. ரயில் பாதைக்குக் கீழேயே ஒரு கஃபே. செல்போனில் ஆர்டர் போட்டுக் கவுண்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும். பீட்சா, பர்கர், சாலட் எல்லாம் உண்டு. ஐஸ் போட்ட தண்ணீர் இலவசம். "ஐஸ் இல்லாம, கொஞ்சம் வெந்நீரா கிடைக்குமா?" என்று மனைவி கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த பையன் டீ பேக் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தான்.

மேஜைதான் காலியில்லை. கல்யாணப் பந்தியில் தேர்ந்த கை என் மனைவியுடையது. பாயசத்துக்கு வந்துவிட்ட ஆளாகப் பார்த்து, அவர் இலைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். இங்கேயும் கடைசி ஃபிரெஞ்ச் ஃப்ரையில் இருந்த ஒரு குடும்பத்தின் பின்னால் போய் நின்றாள். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை. வயதான அம்மாவுக்கு மயக்கம் வருகிறது போலிருக்கிறது என்று பதறி எழுந்து நாற்காலியைக் கொடுத்து, ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டுவிட்டுப் போனார்கள். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை கையில் டிரேயைப் பார்த்ததும் நிபந்தனை இரண்டு ஞாபகம் வந்துவிட்டது. பேரன் மட்டும் சாப்பிட்டான். தரைத்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் இருக்கிறது, மத்தியானமும் உண்டு. பெயர் ஸ்டேக்ஹவுஸ் 71. பெயரிலேயே மாட்டுக்கறி இருந்ததால் பெயர்ப் பலகையோடு திரும்பிவிட்டோம்.

மறுபடி ரயில் ஏறி, பாலினீசியன் ஹோட்டலில் இறங்கி அன்னாசிப்பழ ஐஸ் சாப்பிட்டோம். டோல் விப் என்கிறார்கள். பால் சேர்ப்பதில்லையாம், வெயிலுக்கு அமிர்தம். "இது சாப்பிட்டப்புறம் சாப்பிடறது" என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்து வந்த கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலின் லாபியைப் பார்த்ததும் என் ரப்பர் செருப்பைப் பார்த்தேன். அப்படியே ரயிலில் உட்கார்ந்துகொண்டேன்.

மணி ஒன்று. மேஜிக் கிங்டத்துக்கே திரும்பி, அங்கிருந்து பஸ் பிடித்து அனிமல் கிங்டம் லாட்ஜுக்குப் போனோம். 2001-இல் திறந்த இந்த ஹோட்டலை ஆப்பிரிக்கக் கிராமத்துக் குடிசைச் சாயலில், கோயில் மண்டபம் உயரத்துக்குக் கூரை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் புல்வெளியில் நிஜ விலங்குகள் மேய்கின்றன. ஓட்டல்களுக்குக் குறைவில்லை. ஜிக்கோ ராத்திரி மட்டும். போமாவின் பஃபே காலையும் ராத்திரியும். மத்தியானத்துக்கு என்று அந்தக் கட்டடத்தில் மிஞ்சியது மாரா. அதுவும் டிரே.

மனைவி பேசாமல் போய்ப் புல்வெளிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். அங்கோலே மாடு ஒன்று அசை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கொம்பும் ஆள் உயரத்துக்கு விரிந்து நிற்கிற ஆப்பிரிக்க மாடு. "மாட்டுப் பொங்கலுக்கு இதுக்கு மட்டும் ரெண்டு டப்பா பெயின்ட் ஆகும்" என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுக்கு மட்டும் நேரத்துக்குச் சாப்பாடு கெடைக்குது, பாத்தீங்களா?" ரொம்ப இறங்கவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை செல்போனில் ஏதோ தட்டி, "அத்தை, பக்கத்துக் கட்டடத்துல வெயிட்டிங் லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க!" என்று ஓடி வந்தார். பக்கத்துக் கட்டடம் என்பது கிடானி வில்லேஜ், அதே லாட்ஜின் இரண்டாம் பகுதி, 2009-இல் கட்டியது. நடந்தே போகலாம். அங்கே சனா என்று ஓர் ஓட்டல். மத்தியானச் சாப்பாடு உண்டு. நாற்காலிக்கு முதுகு உண்டு. வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆனபோது மாப்பிள்ளை விட்ட பெருமூச்சில் மெனு கார்டு புரண்டது.

பரிமாற வந்த பெண் முதலில் கேட்டது, "யாருக்காவது அலர்ஜி இருக்கிறதா?" அங்கே இதை ரொம்ப அக்கறையாகக் கேட்பார்கள், தேவையென்றால் செஃப்பே வந்து பேசுவார். மகள் மொழிபெயர்த்தாள். இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவள் போல என் மனைவி கத்திரிக்காயில் தொடங்கினாள். கருவாட்டு வாசனை, என் தங்கை வீட்டுக் காபி என்று போனது. மகள் சுருக்கமாக "கத்திரிக்காய்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஓட்டலின் பெயர்பெற்ற அயிட்டம் ரொட்டித் தட்டு. சாதா நான், இஞ்சி பூண்டு நான், மசாலா நான், வெங்காயக் குல்ச்சா, பனீர் பராத்தா என்று ஐந்து. தொட்டுக்கொள்ள ஒன்பது: வெள்ளரித் தயிர்ப் பச்சடி, சிவப்புக் குடைமிளகாய் ஹம்மூஸ், தக்காளி பேரீச்சம்பழ ஜாம், மாங்காய், புளி, கொத்தமல்லிச் சட்னிகள், பூண்டு ஊறுகாய், மிளகாய் சம்பல், ஹாலபீன்யோ எலுமிச்சை ஊறுகாய். ஆப்பிரிக்க ஹோட்டலில் நான் எப்படி வந்தது என்று பக்கத்து மேஜைக்காரர் வியந்துகொண்டிருந்தார். வியக்க ஒன்றுமில்லை. மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில் பாதை போட 1896-இலிருந்து இந்தியாவிலிருந்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே குஜராத்தி வியாபாரிகள் ஜான்ஜிபார் கரையில் கடை போட்டிருந்தார்கள். இன்றைக்குக் கென்யாவில் சப்பாத்தி, கல்யாணச் சாப்பாடு. சனாவில் தந்தூர் அடுப்பு இருப்பதுதான் நியாயம்.

அந்தப் பெண் கிண்ணங்களைக் காரம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை விரலால் காட்டிக்கொண்டே வந்து, கடைசிக் கிண்ணத்தில் நிறுத்தி, "இது ரொம்பக் காரம், ஜாக்கிரதை" என்றாள். என் மனைவி நேராக அதில் விரலை வைத்து நாக்கில் தடவினாள். அந்தப் பெண் தண்ணீர் ஜாடியைக் கையில் எடுத்துவிட்டாள். ஐந்து விநாடி மௌனம்.

"உப்பு சரியா இருக்கு. எலுமிச்சை இன்னும் ஒரு வாரம் ஊறணும்."

ஜன்னலுக்கு வெளியே ஓர் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி இலை பறித்துக்கொண்டிருந்தது. பேரன் அதைப் பார்த்தான், மகள் அதைப் படம் எடுத்தாள். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குல்ச்சாவைக் கிழித்து, பூண்டு ஊறுகாயில் புரட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மென்றாள். தீர்ந்த கிண்ணத்தை அந்தப் பெண் எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தபோது மனைவி முகத்தில் தெரிந்த திருப்தியை மேஜிக் கிங்டத்தின் எந்த ராட்டினத்திலும் நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் உங்களையும் அந்த ஊருக்கு அழைத்துப் போனால், ஒரு மத்தியானத்தை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். பூங்கா டிக்கெட் வேண்டியதில்லை, அறையும் எடுக்க வேண்டியதில்லை. ரொட்டித் தட்டில் ஐந்தையும் கேளுங்கள். ஜன்னலோர மேஜை கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். பில் வந்ததும் டாலரை ரூபாயாக்கிப் பார்க்காமல் அப்படியே மாப்பிள்ளை பக்கம் நகர்த்திவிடுங்கள்.