புண்ணியக் கணக்கு

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்துக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தபோது, அவரிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்டதாகத் தகவல் இல்லை. 1990-இல் அதே தீவிலிருந்து படகேறி, மண்டபம் இறங்கி, இந்தப் பக்கத்து முகாம்களுக்கு வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் கேட்டோம்.

கேட்டுவிட்டு உதவியும் செய்தோம். அம்மாவும் தெருப் பெண்களும் காசு போட்டு, திருகோணமலை அக்கா ஒருத்திக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். மெஷின் மட்டும் எங்கள் திண்ணையிலேயே இருந்தது. தெருவுக்கே ஜாக்கெட் தைத்தாள், பாதிக் கூலிக்கு. ஹூக்கும் நூலும் அவள் கைக்காசு. பொழுது சாய்வதற்குள் முகாமில் இருக்க வேண்டும். ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். "நேரத்துக்குத் தர மாட்டேங்கிறா" என்று குறை வேறு.

நிஜமாகக் கைகொடுத்தது கீழ வீதியில் பூக்கட்டும் அம்மாள். ஜவுளிக்கடைக்காரரிடம், "என் தங்கச்சி மாதிரி, நம்பிக் குடுங்க" என்று ஒரே வார்த்தை. முழுக் கூலி. அம்மாவுக்குப் பூக்காரம்மாள்மேல் இன்றும் வருத்தம். அகதிகளே 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்தது. அதையெல்லாம் எங்கள் தெரு கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது என் அண்ணன் மகள், அண்ணாமலைப் பல்கலைக்கழக எம்.எஸ்ஸி., டொரன்டோ ஸ்கார்பரோவில். போன இடமெல்லாம் "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" இதைக் கண்டிப்பாகக் கேட்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதனால் சிரித்துக்கொண்டே கேட்கிறார்களாம்.

அவள் குடியிருக்கும் பேஸ்மென்ட்டின் சொந்தக்காரி வவுனியாக்காரி. இவளுடைய நாலு பக்க பயோடேட்டாவை வாங்கி, "அப்பான்ரை பேர் உவங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?" என்று அடித்து அடித்து ஒரு பக்கமாக்கினாள். தான் வேலை பார்க்கும் மருந்து குடோனுக்குக் கூட்டிப்போய், "எனக்குத் தெரிஞ்ச பிள்ளை" என்று சூப்பர்வைசர்முன் நிறுத்தினாள். முதல் மாத வாடகையும் வாங்கவில்லை.

"பாத்தியா, நாம அன்னிக்கு மெஷின் குடுத்த புண்ணியம்!" என்கிறாள் அம்மா.

பேத்திக்கு அதில் பங்கு வந்ததோ என்னவோ, வேலை வந்திருக்கிறது. விருத்தாசலத்துப் பெண்ணொருத்தி வந்திறங்குகிறாளாம். ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வரும்படி வீட்டுக்காரியின் உத்தரவு. "ஒரு ஷிஃப்ட் போச்சு அத்தை" என்று போனில் புலம்பல்.