விளையாடாத பிள்ளைக்கு விலை அதிகம்

1979-இல் ஜப்பானில் ‘மொபைல் சூட் கன்டம்’ கார்ட்டூன் தொடருக்குப் படியளந்தது குளோவர் என்ற சின்ன பொம்மைக் கம்பெனி. துத்தநாகக் கலவையில் வார்த்த ரோபோக்களை விற்கத்தான் இத்தனை பாடும். பொம்மை நினைத்தபடி போகவில்லை. 52 வாரத்துக்குத் திட்டமிட்ட கதையை 43-இல் சுருட்டிவிட்டார்கள். மறு வருஷம் அதே ரோபோவை பண்டாய் கம்பெனி பிளாஸ்டிக் மாடலாக இறக்கியது. வாங்கக் கூட்டம் முண்டியது. குளோவர் 1983-இல் திவால்.

கம்பெனி இருந்தவரை சீந்துவாரில்லை; செத்த பிறகு அதன் பழைய பொம்மைகளுக்கு ஏக மவுசு. அவற்றைச் சேகரிக்கும் ரசிகர் பொம்மையைப் பார்ப்பதற்கு முன் அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பார், சம்பந்தம் பேச வந்தவர் வீட்டுத் திண்ணையை அளப்பதுபோல. மூடியின் மூலை மழுங்கியிருக்கிறதா, தெர்மாகோல் உடைந்திருக்கிறதா, ஸ்டிக்கர் தாளில் ஒன்றையாவது உரித்திருக்கிறார்களா? ஸ்பிரிங்கில் பாயும் குட்டி ஏவுகணைகள் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்க்கப்படாமலே இருந்தால் கண்ணில் நீர் முட்டும்.

ஆக, அந்தக் காலத்தில் வாங்கிக் கொடுத்த பொம்மையைத் தொடாமல் வைத்த அசமந்தப் பிள்ளைதான் இன்று உத்தமன். ஆசை தீரச் சண்டை போட்டு, கட்டிலுக்கடியில் ஏவுகணையைத் தொலைத்தவன் சொத்தை அழித்த பாவி. தொலைந்த ஏவுகணை தனியாகவும் விலைக்கு வரும், காலிப்பெட்டியும் வரும். இரண்டையும் வாங்கிச் சேர்த்து ‘முழு செட்’ ஆக்கியவர், வீட்டுக்குக் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் முதல் வேலையாக அலமாரியைப் பூட்டுவார்.