‘ரெயினி டே’ முதலாய ஆங்கில வழக்குகளுக்குத் தோட்டப்புற உரை

ஆங்கிலேயரின் உருவக வழக்குகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளலாகாது என்பர் ஆசிரியர்கள். இது லண்டனுக்குப் பொருந்தும். இறக்குவானைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் பொருந்தாது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் ‘நொட் மை கப் ஒஃப் டீ’. ‘எனக்குப் பிடித்தமானதன்று’ என்பது அகராதிக்காரர் உரை. கொழுந்து பறித்தே முதுகு வளைந்த எங்கள் அப்பாயியிடம் அதை அப்படியே பெயர்த்துச் சொன்னேன். “ஆமா, அது நம்ம தேத்தண்ணியா? நல்லதெல்லாம் கொழும்புக்குல்ல போகுது” என்றார். ஆராய்ந்தால் அப்பாயி உரையே செவ்விது. கொழும்பில் 1883 முதல் ஏலம் நடக்கிறது. சப்ரகமுவத் தாழ்நிலத் தேயிலையின் நீளச் சுருள் ரகங்கள் மத்திய கிழக்குக்குக் கப்பலேறுகின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோப்பைக்குத் தூள்.

‘மழை நாளுக்குச் சேமித்து வை’ என்பது இன்னும் ஆழமானது. கஷ்ட காலத்துக்கு என்பது கருத்தாம். இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். பிறகு சேமிக்கும் நாள்தான் எது? விடை இறப்பர் மலையில் உண்டு. பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாது, மரத்தோடு வழிந்து மழையோடு போய்விடும். பால்வெட்டு இல்லையேல் பேரும் சந்தேகம். (பேர் ஈண்டுப் பெயரன்று, ஒரு நாள் சம்பளம், வேலை குறைந்தால் அரைப்பேர்.) ஆகவே மழை நாள் என்றால் மழை நாளேதான், கஷ்டம் அதற்குள் அடக்கம் என்க.

‘பட்டை தீட்டாத வைரம்’ என்பதை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. இரத்தினபுரியில் கிடைப்பது நீலக்கல். அதற்கு விலை பேசுவோர் உருவகம் பேசுவதில்லை.

மறுதலையாக, துரைமார் தமிழோடு பட்ட பாடும் உண்டு. அவர்களுக்கென ‘இங்கே வா’ என்ற பெயரில் ஒரு சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி அச்சாயிற்று. பெயரே ஏவல் வினை. மேற்கொண்டு இலக்கணம் தேவைப்படவில்லை போலும். ‘வயித்துல அடிக்காதீங்க தொரே’ என்பதைக் கேட்ட துரை, நான் யாரையும் தொடவே இல்லையே என்று தம் கையைப் பார்த்திருப்பார் என உய்த்துணர்க.

எங்கள் லயத்துப் பையன் ஒருவன் இத்துணிபைப் பரீட்சையிலேயே சோதித்தான். ‘ரெயினி டே’க்கு விளக்கமாக, ‘அப்பா வேலைக்குப் போகாத நாள்’ என்று எழுதினான். இரண்டுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. எவ்வளவுடா விழுந்துச்சு என்று கேட்டார் அப்பாயி.

“அரைப்பேர்தான் அப்பாயி.”