முதல் நாயைக் கேட்டீர்களா?

சென்ற இதழில் "இரண்டாவது நாய் வாங்கலாமா?" என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தார். "முதல் நாயைக் கேட்டீர்களா?" என்று ஒரு வரியில் பதில் போட்டோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை நாமே வைத்துக்கொண்டோம். கேள்விகள் இதோ. ஒருவரைத் தவிர எல்லோரும் தங்கள் பெயரை விட்டுவிட்டு நாயின் பெயரால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யார் குடும்பத் தலைவர் என்பது அதிலேயே தெரிகிறது.

நானும் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவோம். எங்கள் மூன்று வயது லாப்ரடார் பகலெல்லாம் ஊளையிடுகிறானாம். சோபாவின் ஒரு கையைக் காணவில்லை. துணைக்கு இன்னொன்று வந்தால் சரியாகுமா?
*– டாமி அப்பா, தாம்பரம்*

அவன் ஊளையிடுவது உங்களைத் தேடி. இன்னொரு நாய் வந்தாலும் நீங்கள் எட்டரைக்குக் கிளம்பத்தானே போகிறீர்கள்? புதியவன் சீக்கிரமே ஊளையைக் கற்றுக்கொள்வான். சோபாவுக்கு இன்னொரு கையும் இருக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். டாமிக்கு ஏற்கெனவே பழக்கமான, சாதுவான நாய் ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். பழைய செல்போனில் வீடியோவை ஓடவிட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு, அரை மணி வெளியே போய் வாருங்கள். டாமி விருந்தாளியைச் சட்டையே செய்யாமல், எச்சில் வடிய, வாசலுக்கும் ஜன்னலுக்கும் அலைந்துகொண்டிருந்தால் அவனுடைய நோய் உங்கள் பிரிவு. அதற்கு இன்னொரு நாய் மருந்தாகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே இருக்கப் பழக்க வேண்டும், கால்நடை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். மாறாக, இரண்டும் கொஞ்சம் விளையாடிவிட்டுப் படுத்துத் தூங்கினால், பையனுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். அப்போதும் காலையில் இன்னும் அரை மணி நடை, மதியம் வந்து எட்டிப் பார்க்க ஒரு ஆள், இந்த இரண்டையும் முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஜூலி பெட்டை. இரண்டாவதும் பெட்டையாக இருந்தால் குட்டி போடும் தொல்லை இல்லை என்கிறார் மாமியார். சரிதானே?
*– ஜூலி வீடு, ஸ்ரீரங்கம்*

மாமியாரின் கணக்கு சரி. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் ஒருமுறை முறைத்துக்கொண்டால், பிறகு சமாதானம் செய்துவைப்பது பெரும்பாடு என்பார்கள் நாய் பழக்குபவர்கள். கடுவன்கள் சத்தம் அதிகம் போட்டுச் சண்டையை முடித்துக்கொள்ளும். பெட்டைகள் மனதில் வைத்துக்கொள்ளும். எல்லாப் பெட்டையும் இப்படி இல்லை. ஆனாலும் ஜூலிக்கு ஒரு கடுவனைத் தேடுவதுதான் பாதுகாப்பு.

தேடுவதற்கு முன் ஆபரேஷன். பெட்டை சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும், மூன்று வாரம் வரை நீடிக்கும். சினை பிடித்தால் ஏறத்தாழ 63 நாளில் குட்டி. "கடுவனுக்குக் கருத்தடை பண்ணியாச்சு" என்று மறுநாளே சேர்த்துவிடாதீர்கள். ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரங்களுக்கு அவனுக்குச் சக்தி இருக்கும். இரண்டாவது நாய் எடுக்கப் போய் எட்டாவது நாய் வரை போன வீடுகள் இப்படித்தான் போயின.

இந்தப் பதிலை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒருவரிடம் சிப்பிப்பாறைக் குட்டிகள் இருக்கின்றன. அண்ணன் தங்கையாக இரண்டையும் எடுத்தால் விலை குறைத்துத் தருகிறாராம். பிறந்து 35 நாள்தான் ஆகிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டு நாய் உண்டு.
*– கருப்பன் அண்ணன், விருதுநகர்*

ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கலாம், நாய் எடுக்கக்கூடாது.

முதலில் அந்த 35 நாள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இல் மத்திய அரசு போட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதியை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி படிப்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும். ஓங்கிக் கடித்தால் தங்கை 'வீல்' என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் பாடம். அந்த வகுப்பை முடிக்காமல் வந்த குட்டி, மிச்சப் பாடத்தைக் கருப்பனின் காதில் படிக்கும்.

அடுத்து, ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டு. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளரும், உங்களைப் பார்க்காது. கூப்பிட்டால் வராது, பிரித்தால் கத்தும். தனித்தனியாக நடத்தி, தனித்தனியாகப் பழக்கி, தனித்தனியாகத் தூங்கவைத்தால் சமாளிக்கலாம். அதாவது எல்லா வேலையும் இரண்டு தடவை. வீட்டில் ஏற்கெனவே கருப்பன் வேறு. ஒன்றை மட்டும் எடுங்கள், அதையும் எட்டு வாரம் முடிந்த பிறகு, தாயை நேரில் பார்த்துவிட்டு. தாயைக் காட்ட மறுக்கிறவரிடம் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் ஸ்நோயி வெள்ளைப் பொமரேனியன், ஐந்து வயது. அப்பாவுக்கு ராஜபாளையம் வளர்க்க ஆசை. இரண்டும் வெள்ளை, ஜோடிப் பொருத்தம் அருமை என்கிறார்.
*– ஸ்நோயி அக்கா, சேலம்*

கலர் பார்த்துப் பொருத்தம் சொல்வது சுவருக்கும் திரைச்சீலைக்கும். ராஜபாளையம் பெருமைக்குரிய நாய்தான். 2005-இல் தபால்துறை வெளியிட்ட நாய் இன ஸ்டாம்புகள் நான்கில் அதுவும் ஒன்று. ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே வேட்டைக்கு வளர்த்தெடுத்தவை. வெள்ளையாக, புசுபுசுவென்று, கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் எதையும் துரத்தச் சொல்லி அவற்றின் ரத்தம் சொல்லும். ஸ்நோயியை நினைத்துப் பாருங்கள். விளையாட்டுக்குக் காலை வைத்தால்கூட எடை வித்தியாசம் ஸ்நோயியின் முதுகெலும்பில் தெரியும்.

அப்பா விடமாட்டார் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளை ராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. வாங்கப் போகும்போது குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கையில், பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில் கை தட்டுங்கள். காது திரும்ப வேண்டும். கூட்டத்தில் தட்டினால் பக்கத்துக் குட்டியைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், தனியே வைத்துத் தட்டுங்கள். காது கேளாத நாயையும் அன்பாக வளர்க்கலாம். ஆனால் ஸ்நோயி "கிட்ட வராதே" என்று உறுமுவது அதற்குக் கேட்காது. இரண்டு நாய் வீட்டில் அந்த உறுமல்தான் போக்குவரத்து போலீஸ்.

மணிக்குப் பதினொரு வயது. எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். அவன் போன பிறகு வீடு வெறிச்சோடிவிடக்கூடாது என்று இப்போதே ஒரு குட்டி எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.
*– மணி அம்மா, பாளையங்கோட்டை*

உங்கள் மனது புரிகிறது. ஆனால் இந்தத் திட்டத்தில் மணிக்கு என்ன இருக்கிறது, அம்மா? வரப்போகிற துக்கத்துக்கு இப்போதே ஆள் போடுகிறீர்கள். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப்போவது மணி.

இடுப்பு வலியோடு மதியம் கண்ணயர்ந்தவனின் காதைப் பிடித்துத் தொங்கும் ஒரு குட்டி. அவன் எழுந்து நகர்ந்தால் வாலைப் பிடிக்கும். கட்டிலுக்கடியில் போனால் அங்கேயும் வரும். மணி உறுமுவான். "சின்னப்பிள்ளையைப் போய் உறுமுறியே" என்று அவனுக்குத்தான் திட்டு விழும். பதினோரு வருஷம் அந்த வீட்டைக் காத்தவனுக்குக் கடைசிக் காலத்தில் இதுவா?

முதலில் மருத்துவரிடம் மணியின் மூட்டைக் காட்டுங்கள். வலி குறைந்தாலே வீடு பாதி கலகலப்பாகும். அதன் பிறகும் ஆசை இருந்தால், குட்டியை விட்டுவிட்டு நான்கைந்து வயதான, அமைதியான நாயைத் தத்தெடுங்கள். காப்பகங்களில் அப்படிப்பட்டவை வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். சென்னை ப்ளூ கிராஸ் மாதிரியான இடங்களில், அங்கே வேலை செய்கிறவர்களிடம் "மற்ற நாய்களோடு ஒத்துப்போகிறது எது?" என்று கேளுங்கள். அவர்களுக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். எதுவானாலும், மணி மட்டும் இருக்கும் ஒரு அறை, ஒரு சின்னக் கதவு தடுப்பு, தினமும் அவனோடு மட்டும் கொஞ்ச நேரம். இதற்கு வழியில்லையென்றால் வேண்டாம்.

இரண்டையும் எப்படி அறிமுகப்படுத்துவது? நேராக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் போதுமா?
*– ராக்கி மாமா, பொள்ளாச்சி*

நம் வீடுகளில் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வார்களே, எதற்கு? யார் வீடும் இல்லை, பிடிக்காவிட்டால் யாருக்கும் முகம் சுருங்காமல் கிளம்பிவிடலாம். நாய்க்கும் அதே ஏற்பாடுதான். ராக்கி தினமும் காலைத் தூக்கி முத்திரை குத்தும் தெருவை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு இடம்.

ஒரு நாய்க்கு ஒரு ஆள். எதிரெதிராகக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். இருபது அடி இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். சங்கிலி தொளதொளவென்று இருக்கட்டும். நீங்கள் பயந்து இறுக்கிப் பிடித்தால், "ஆபத்து" என்ற தந்தி சங்கிலி வழியே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் தரையை மோந்துகொண்டு இயல்பாக நடந்தால் இடைவெளியைக் குறையுங்கள். பின்பக்கம் மோந்து பார்த்தால் பார்க்கட்டும், அது அவர்கள் வணக்கம் சொல்லும் முறை. இரண்டு மூன்று விநாடியில் பேர் சொல்லிக் கூப்பிட்டு நகர்த்துங்கள். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் கொட்டாமல் பார்த்தால் திரும்பி நடந்துவிடுங்கள், நாளை பார்க்கலாம்.

வீட்டுக்குள் இரண்டும் ஒன்றாகவே நுழையட்டும். அதற்கு முன்பே ராக்கியின் தட்டு, எலும்பு, பந்து, அழுக்குப் போர்வை எல்லாம் பரண் ஏறியிருக்க வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியென்றால் தெருவே கூடாது. நாய் நடமாட்டமில்லாத ஒரு மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டிலேயே முன்பு ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், குட்டி வேண்டாம், தடுப்பூசி முடிந்த பெரிய நாயாகப் பாருங்கள்.

புதுக்குட்டி தட்டுப் பக்கம் போனதும் எங்கள் சீசர் உறுமினான். செய்தித்தாளைச் சுருட்டி ஒன்று போட்டேன். இப்போது உறுமுவதில்லை!
*– சீசர் தாத்தா, காரைக்குடி*

அபாயமணி அடிக்கிறதென்று ஒயரைப் பிடுங்கிவிட்டீர்கள், ஐயா. "தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொன்னவனுக்கு அடி விழுந்தது. இனி சொல்லமாட்டான், செய்வான். செய்தித்தாளைப் படிப்பதற்கு வைத்துக்கொண்டு, குட்டியைத் தட்டுப் பக்கம் விடாமல் பாருங்கள்.

ஒரே தட்டில் சோறு வைத்தால் ஒற்றுமை வளருமா?
*– டைகர் தம்பி, நாகர்கோவில்*

தையல் வளரும். இரண்டு தட்டு, இரண்டு அறை, நடுவில் மூடிய கதவு. முடித்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு எலும்பையும் போடவேண்டாம். சண்டை ஒரு பக்கம் இருக்க, வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

முதல் நாய் ரோஸி. இரண்டாவதுக்கு ரோஜா என்று வைக்கலாமா?
*– ரோஸி வீடு, ஊட்டி*

வைக்கலாம். கூப்பிட்டால் இரண்டும் வரும், அல்லது இரண்டும் வராது.

ஜோசியர் கறுப்பு நாய் வளர்க்கச் சொல்கிறார். இருக்கிற நாய் செவலை. பரிகாரத்துக்காக இன்னொன்று...
*– பெயர் வேண்டாம், கும்பகோணம்*

கோயிலில் வைரவர் பக்கத்தில் நிற்பதே ஒன்றுதான். அவரே ஒன்றோடு சமாளிக்கிறார். இருக்கிற செவலைக்கு நேரத்துக்குச் சோறு போடுங்கள், பரிகாரம் ஆகிவிடும்.

எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி, ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் என்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா?
*– பிரவுனி அப்பா, வேளச்சேரி*

செல்ல நாய் வைத்திருப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்யக்கூடாது, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். கூடவே மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இரண்டையும் நாய்க்கு ஒன்றாகக் காட்டுங்கள். ஆனால் ஒன்று குரைத்தால் மற்றது ஏன் என்று கேட்காமல் குரைக்கும். பிரவுனி இப்போதே லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கிறாள் என்றால், அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். புதியவள் பாடம் படிக்கப்போவது அவளிடம்தான்.

தெருவில் ஒரு செவலைப் பெட்டை. தினமும் சாயங்காலம் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து படுத்துக்கொள்கிறது. உள்ளே எங்கள் புரூனோ கம்பி ஓரம் படுத்துக்கொள்கிறான். குரைப்பது இல்லை, வாலாட்டல் மட்டும். இதையே எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, நல்ல ஜாதி நாயாகப் பார்க்கட்டுமா?
*– புரூனோ அண்ணி, தஞ்சாவூர்*

வந்த கடிதங்களிலேயே முதல் நாயைக் கேட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான், அண்ணி. அவன் பார்த்து முடித்துவிட்டான், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

காது நுனி வெட்டியிருக்கிறதா பாருங்கள், வெட்டியிருந்தால் கருத்தடை ஆகியிருக்கிறது. இல்லாவிட்டால் செய்துவிடுங்கள். உள்ளே விடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டி, குடல்பூச்சி மருந்து, தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வாரம் தனி இடத்தில் வைத்திருங்கள். கேட்டுக்கு வெளியே இருந்த நட்பு வீட்டுக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள், சாப்பாடும் படுக்கையும் தனித்தனிதான். தெருவில் சுற்றியவளுக்குக் கதவைச் சாத்தினால் முதலில் தவிப்பாள். தினமும் இரண்டு வேளை நடத்திக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது நாய் வந்து ஒரு மாதமாகிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. அடுத்து மூன்றாவது எடுக்கலாமா?
*– ஜிம்மி, பப்பி வீடு, மதுரை*

வேண்டாம்.